திருப்பிப் போட்ட குவார்ட்டர்ஸ்

வினோலியா என்ன படித்திருக்கிறாள் என்று எங்கள் தெருவில் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் மூன்று பேர். அதில் நானும் ஒருத்தி. அதற்குக் காரணம் என் அறிவு இல்லை, சுவர். நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸ்களை ஜோடி ஜோடியாக, ஒரு பொதுச்சுவரின் இரண்டு பக்கமும் கட்டியிருக்கிறார்கள். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் வினோலியா வீடு. அதற்குள் நுழைந்தால் அடுப்படி வலது கைப் பக்கம் பின்னால் இருக்கும். எங்கள் வீட்டில் இடது கைப் பக்கம். மற்றபடி ஜன்னல் கம்பி வரைக்கும் எல்லாம் ஒன்றுதான். அங்கே தும்மினால் இங்கே எனக்குக் கேட்கும். அதனால் அந்தப் பெண் பட்ட பாடு முழுவதும் எனக்குத் தெரியும். பாதி அவளே சொன்னது, மீதி தானாகக் காதில் விழுந்தது.

பிளஸ் டூ முடித்தபோது வகுப்பில் நாலு பேர் கட்டடக்கலை நுழைவுத் தேர்வு எழுதினார்கள் என்று இவளும் எழுதினாள். தேறிவிட்டாள், சேர்ந்துவிட்டாள். சென்னையில் ஐந்து வருடம் பி.ஆர்க். பிறகு புதுச்சேரியில் ஓர் அலுவலகத்தில் இரண்டு வருடம் வேலை. பெரிய பெரிய கட்டடம் எழுப்புகிறாள் என்று நானும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டால், இரண்டு வருடமும் ஓட்டல் குளியலறைகளில் டைல்ஸ் எந்த மூலையில் ஆரம்பித்து எந்த மூலையில் முடியவேண்டும் என்று வரைந்தாளாம். மேற்படிப்பு படித்தால்தான் விடிவு என்று வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, எந்த மேற்படிப்பு என்று அவளுக்கே தெரியவில்லை.

அதில் அத்தனை கிளை இருக்கிறது. நகரங்களை வடிவமைப்பது ஒன்று. பழைய கட்டடங்களைக் காப்பாற்றுவது ஒன்று. பூங்கா, ஏரிக்கரை என்று ஒன்று. மக்கள் குடியிருக்கும் வீடுகளைப் பற்றி மட்டும் தனியாக ஒன்று. திங்கட்கிழமை நகரம் என்பாள். புதன்கிழமை பழைய கட்டடம். வெள்ளிக்கிழமை, இந்த ஊர்ப் படிப்பே வேண்டாம், வெளிநாட்டுக்கு எழுதிப் போடலாமா என்று என்னைக் கேட்பாள். நான் பத்தாவதோடு நின்றவள். என்னிடமே கேட்கிறாள் என்றால் மற்ற எல்லாரிடமும் கேட்டு முடித்துவிட்டாள் என்று அர்த்தம்.

கேட்ட இடத்திலெல்லாம் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவள் அப்பா மரியஜோசப் மைன்ஸில் கன்வேயர் ஆபரேட்டர். அவரோடு ஒரே ஷிப்டில் இருப்பவர்கள், சிவில் சேர்த்திருந்தால் இந்நேரம் எங்கேயாவது ட்ரெய்னியாக நுழைந்திருக்கலாமே என்று அங்கலாய்த்தார்கள். சர்ச்சில் ஒரு அம்மா பேங்க் பரீட்சைக்குப் படிக்கச் சொன்னாள். கல்லூரி சீனியர் மணிமாறன் பெங்களூரிலிருந்து போன் போட்டு, மேற்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வில் மட்டும் நல்ல மார்க் எடு, மற்றதெல்லாம் தானாகத் தெளியும் என்றான். எடுத்தாள், நல்ல மார்க்தான். ஒன்றும் தெளியவில்லை. கிடைக்காது என்று ஒதுக்கி வைத்திருந்த படிப்புகளும் இப்போது கிடைக்கும் போலிருந்ததால் குழப்பம் கூடியது. நான்கூடப் பொறுமை இழந்து, சீக்கிரம் ஏதாவது ஒன்றை முடிவு பண்ணித் தொலையேன் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு தரம் இல்லை, பல தரம்.

கடைசியில் வடக்கே ஒரு பெரிய கல்லூரியில், வீடுகளைப் பற்றிய படிப்புக்கு மட்டும் விண்ணப்பித்தாள். அதையும் கடைசி நாளுக்கு முந்தின நாள்தான் முடிவு செய்தாள். மற்ற இடங்களின் தேதி எல்லாம் யோசனையிலேயே போய்விட்டிருந்தது. அது கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் மறுபடியும் குளியலறை டைல்ஸ்.

இது ஒரு பக்கம் நடக்க, இன்னொரு பக்கம் வீடு. மரியஜோசப் அண்ணனுக்கு ஜூலையில் ரிட்டையர்மென்ட். சர்வீஸ் இருக்கிற வரைக்கும்தான் குவார்ட்டர்ஸ். அப்புறம் சில மாதத்தில் சாவியை ஒப்படைக்க வேண்டும். எல்லாரையும் போல அவரும் வடலூரில் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். மகளே ஆர்க்கிடெக்ட், வெளியே யாரிடம் பிளான் கேட்பது? கேட் தேர்வு முடிந்த கையோடு வினோலியா உட்கார்ந்து வரைந்தாள். நடுவில் வெளிச்சம் இறங்குகிற மாதிரி திறந்த இடம், அதைச் சுற்றி அறைகள், சாய்ந்த கூரை. பார்க்க அழகாக இருந்தது. அண்ணன் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தாம்மா வரைஞ்சிக்கிற. ஆனா நம்ம வூடு மாதிரியே இருந்துட்டா போதும். இருவத்தெட்டு வருசமா பழகிப்போச்சி. ஷிப்ட் முடிஞ்சி வந்தா கண்ண மூடிக்கினே நடப்பேன்."

இரண்டு நாள் சண்டை போட்டாள். சுவர் வழியாக எல்லாம் கேட்டது. மூன்றாவது நாள் விட்டுவிட்டாள். விண்ணப்பக் கட்டுரை வேறு தலைக்கு மேல் நின்றது. ஒரு மத்தியானம் டேப் எடுத்துக் குவார்ட்டர்ஸை அளந்தாள். டேப்பின் மறுமுனையைப் பிடித்தது நான்தான்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. குள்ளஞ்சாவடியிலிருந்து வந்த கொத்தனார் சிவக்குமார், பிளானைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார். மனை வடக்குப் பார்த்த மனை. இந்த வீட்டை அப்படியே தூக்கி வைத்தால் அடுப்படி தென்மேற்கு மூலைக்குப் போகிறது, வாஸ்துப்படி அது ஆகாது என்றார். நாங்கள் அதெல்லாம் பார்ப்பதில்லை என்றார் மரியஜோசப் அண்ணன். நீங்கள் பார்க்க வேண்டாம், நாளைக்கு வாங்குகிறவன் பார்ப்பான் என்றார் சிவக்குமார். கட்டுவதற்கு முன்னாலேயே விற்கிற பேச்சு. ஆனால் அண்ணன் பயந்துவிட்டார்.

வினோலியா கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டினாள். வலது கைப் பக்கம் இருந்த அடுப்படி இடது கைப் பக்கம் போய் உட்கார்ந்தது. வீடு முழுவதும் அப்படியே புரண்டுவிட்டது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், ஒரு நொடிகூட ஆகவில்லை. ஆகமொத்தம் மரியஜோசப் அண்ணன் தன் குவார்ட்டர்ஸ் மாதிரி வேண்டும் என்று கேட்டு, என் குவார்ட்டர்ஸைக் கட்ட ஆரம்பித்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது எனக்கு இன்னமும் குறைதான்.

சுவர் எழும்ப எழும்ப வேடிக்கையாக இருந்தது. அண்ணன் கண்ணைத் திறந்துகொண்டே இரண்டு தரம் குளியலறைக்குள் போய், இது என்ன இடம் என்று கேட்டார். அவர் மனைவி அன்னாள் ஒரே ஒரு தரம் வந்து பார்த்தாள். வந்தவள் வாசலிலேயே நின்று, எந்தப் பக்கம் திரும்புவது என்று யோசித்துவிட்டு, வெயிலாக இருக்கிறது என்று திரும்பிவிட்டாள். வினோலியாவுக்கு அந்த வீட்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஐந்து வருடம் படித்து நான் செய்தது ஒரு பட்டனை அழுத்தியது மட்டும்தான் ஆன்ட்டி என்று என்னிடம் சொன்னாள்.

ஆனால் விண்ணப்பத்தோடு அவள் செய்த வேலைகளைத் தொகுத்து அனுப்ப வேண்டும். அவளிடம் இருந்ததெல்லாம் கல்லூரியில் வரைந்த விமான நிலையம், மியூசியம், கடற்கரை விடுதி. எதுவும் எங்கும் கட்டப்படாதவை. நிஜமாகவே கட்டிக்கொண்டிருக்கிற ஒன்றாவது வேண்டும் என்று மணிமாறன் அடித்துச் சொன்னான். வேறு வழியில்லாமல் வடலூர் வீட்டை வைத்தாள். வெறுமனே வைத்தால் எடுபடாது என்று கூடவே ஒரு பக்கம் எழுதினாள். எழுதியதை எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். குடும்பத்தில் ஒவ்வொருவரோடும் நெடுநேரம் பேசினேன். பழகிய வீட்டின் அமைப்பையே அவர்கள் விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள். அதைப் புதிய மனைக்கு ஏற்ப மாற்றினேன். இப்படிப் போயிற்று அது.

நெடுநேரம் எப்போது பேசினாள் என்று எனக்குத் தோன்றியது. பேசியிருந்தால் எனக்குக் கேட்டிருக்குமே. எனக்கு வாய் நீளம் என்று தெருவில் பெயர். அன்றைக்கு அந்த வாயை மூடிக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்றேன்.

மே மாதம் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டரிலேயே. அவர்கள் வீட்டில் இணையம் விட்டு விட்டு வருகிறது என்று எங்கள் ஹாலில் வந்து உட்கார்ந்தாள். காலை பதினோரு மணி. நான் அடுப்படியில் சத்தமில்லாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மூன்று பேர் இங்கிலீஷில் கேட்டார்கள், இவளும் தடுமாறாமல் பதில் சொன்னாள். விமான நிலையத்தைப் பற்றி அவர்கள் ஏதோ சொல்லிச் சிரித்தது கூடக் கேட்டது. சரி, தேறிவிட்டாள் என்று நினைத்தேன். கடைசியாக அந்த மூன்று பேரில் ஒரு அம்மா தமிழில் பேசினாள். திருநெல்வேலிப் பக்கத்துக் குரல்.

"வடலூர் வீட்டுல யாரு யாரு இருக்கப் போறீங்க?"

"அப்பா, அம்மா, நான், மேடம்."

"அம்மா என்ன கேட்டாங்க?"

"பழைய வீடு மாதிரியே வேணும்னு…"

"அம்மாவே சொன்னாங்களா?"

கீரையை வைத்துவிட்டு நான் எட்டிப் பார்த்தேன். வினோலியாவின் கழுத்து சிவந்திருந்தது.

"அப்பா சொன்னாங்க, மேடம்" என்றாள்.

அந்த அம்மா கோபப்படவில்லை. நன்றி என்று சொன்னாள், அவ்வளவுதான். திரை கறுப்பானதும் வினோலியா என் பக்கம் திரும்பினாள். "நான் அம்மாவ ஒரு வார்த்த கேக்கவே இல்ல, ஆன்ட்டி" என்றாள். தெரியும் என்று சொல்லிவிட்டேன். தெரிந்தால் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே போய் அன்னாளைக் கேட்டிருப்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டு, அவள் வேறு ஏதாவது சொல்லிவிட்டால்? சுவர் ஜன்னலுக்கு மேல் வந்துவிட்டது. கல்லூரி முடிவும் வரவில்லை. எந்தக் கவலையை முதலில் படுவது என்று தெரியாமல் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். பத்து நாள் கழித்துப் பட்டியல் வந்தது. அதில் அவள் பெயர் இல்லை. காத்திருப்போர் பட்டியலிலும் இல்லை. அந்த ஒரு கேள்வியால்தான் போயிற்றா, வேறு ஆயிரம் பேர் இவளைவிட நன்றாகச் செய்தார்களா, யாருக்குத் தெரியும்? அன்று முழுக்க அழுதாள். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னது கேட்டது. அன்னாள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்தாள்.

மறுநாள் காலையில் அண்ணன் ஷிப்டுக்குப் போன பிறகு, வினோலியா அன்னாளை வடலூருக்குக் கூப்பிட்டாள். என்னையும் வரச் சொன்னாள். மனையில் சிவக்குமார் ஆட்களோடு நின்றிருந்தார். இரண்டு நாளில் கூரைக்குப் பலகை அடிக்கப் போகிறார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் மாற்ற முடியாது. வினோலியா பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"இந்த வூட்ல உனக்கு எது எங்க வேணும்னு கோடு போடும்மா. உள்சுவரு எதுன்னாலும் இடிச்சி மாத்திக்கலாம்."

அன்னாள் சிரித்தாள். அப்பா சொன்ன மாதிரியே இருந்துவிட்டுப் போகட்டுமே என்றாள்.

"அப்பா சொன்னது தெரியும். நீ சொல்லு."

அன்னாள் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அடுப்படியாகப் போகிற இடத்தில் நின்றாள். அங்கிருந்து ஹாலுக்கு வந்தாள். ஒரு சுவருக்கு முன்னால் குனிந்து, கோடு போடப் போகிறவள் மாதிரி கையை நீட்டி, நிமிர்ந்துவிட்டாள். மறுபடி அடுப்படிக்குப் போனாள். ஜன்னலுக்கு விட்டிருந்த ஓட்டை வழியாகப் பின்பக்கத்துச் சோளக்கொல்லையைப் பார்த்தாள். ஆட்கள் சும்மா நிற்கிறார்கள், சீக்கிரம் சொல்லுங்கள் என்றார் சிவக்குமார். அன்னாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியலம்மா. கல்யாணம் வரைக்கும் எங்கப்பா வூடு. அப்பறம் கம்பெனி வூடு. இத்தினி நாளா யாரும் கேட்டதில்ல. நீயும் படிச்ச பொண்ணு, தெரிஞ்சிதான் கட்றேன்னு இருந்துட்டேன்."

எங்களுக்கும் ரிட்டையர்மென்ட் வர ஐந்து வருடம்தான் இருக்கிறது. அந்த சாக்பீஸை என் கையில் கொடுத்தால் நான் எங்கே கோடு போடுவேன்? யோசித்துப் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் வரவில்லை.

சீக்கிரம் முடிவு பண்ணு என்று ஒரு வருடமாக எல்லாரும் வினோலியாவை விரட்டியிருக்கிறோம். அவள் அந்த வார்த்தையைத் தன் அம்மாவிடம் சொல்லவில்லை.

"எனக்கும் ஒண்ணும் தெரியலம்மா" என்றாள். "நீ மெதுவா யோசி."

பிறகு சிவக்குமாரைப் பார்த்து, இன்றைக்கு வேலை வேண்டாம், எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்றாள். அவர் திகைத்துப்போய், அப்படியானால் எப்போது வருவது என்று கேட்டார்.

"தெரியலண்ணே. அம்மா சொல்லட்டும்."

மரியஜோசப் அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்து என்ன கூத்து ஆடப்போகிறாரோ என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆட்கள் ஒவ்வொருவராகக் கரணையைக் கழுவிவிட்டுக் கிளம்பினார்கள். போகலாமா என்று நான் கேட்டதற்கு அன்னாள், கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகலாம் என்றாள். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே போய், தெருவில் நின்று வீட்டைப் பார்த்துவிட்டு, வாசலிலிருந்து மறுபடி நடக்க ஆரம்பித்தாள்.