முகம் தெரிய ஒரு படம்

மூன்று வருடங்களுக்கு முன்பு மலேசியாவில், கிள்ளான் நீதிமன்ற வாசலில் நடந்தது இது. நான் ஒரு தமிழ் நாளிதழில் புகைப்படக்காரன்.

சில நாடுகளில் கொலை வழக்கு விசாரணையைக்கூட டிவியில் நேரலையாகக் காட்டுகிறார்கள். இங்கே விசாரணை அறைக்குள் கேமராவைத் தூக்க முடியாது. அதனால் போலீஸ் வண்டியிலிருந்து ஆளை இறக்கி உள்ளே கூட்டிப்போகும் அந்தப் பத்துப் பதினைந்து அடி தூரம்தான் எங்களுக்குக் கிடைக்கும்.

அன்று இறங்கியவர் பக்கத்து ஊரான தெலுக் பங்லிமா காராங்கைச் சேர்ந்த லோரி ஓட்டுநர். தொழிற்சாலைச் சரக்கைத் திருடிய கும்பலுக்கு உதவினார் என்று குற்றச்சாட்டு. கைவிலங்கோடு சட்டையை இழுத்து முகத்தை மூடப் பார்த்தார்; எட்டவில்லை.

"அண்ணே, வேணாம்ணே. மக ஸ்கூலுக்குப் போவணும்" என்றார் என்னைப் பார்த்து.

எடுத்துவிட்டேன். மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது. ஆசிரியர்கூடப் பாராட்டினார்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். வேறொரு வழக்குக்காக அங்கே போயிருந்தேன். மற்ற படக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். அந்த லோரி ஓட்டுநர் மனைவியோடு படியிறங்கி நேராக என்னிடம் வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"பாஸ், அன்னிக்கு எடுத்தது நீங்கதானே? இன்னிக்கு விடுதலை பண்ணிட்டாங்க. நான் ஒன்னும் செய்யலன்னு ஆயிடுச்சி. இன்னிக்கும் ஒன்னு எடுங்க லா."

கையைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்றார். முகம் முழுதாகத் தெரிய எடுத்தேன்.

அலுவலகத்தில் கெஞ்சிப் பார்த்தேன். இடமில்லை என்றார்கள். உள்பக்கத்தில் நாலு வரி வந்தது, படம் இல்லாமல்.

மனசு கேட்கவில்லை. படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு அவர் வீட்டுக்கே கொண்டுபோனேன். கதவைத் திறந்தது மகள், பள்ளிச் சீருடையில். படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுவும் பேப்பர்ல வந்துச்சா அங்கிள்?"

"இல்லம்மா" என்றேன். அவள் கோபப்படவில்லை. "உக்காருங்க, அப்பாவக் கூப்பிடுறேன்" என்று உள்ளே போனாள்.

வேலையை நான் விடவில்லை. ஆனால் குற்றம் சாட்டப்படும் நாளில் யாரையாவது படம் எடுத்தால், தீர்ப்பு நாளைக் குறித்துவைத்து அன்றும் போய் நிற்கிறேன்; அந்தப் படம் அச்சாகாத ஒவ்வொரு முறையும், அந்தப் பெண்ணிடம் இன்னும் "இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலிலேயே நிற்பது போல இருக்கிறது.