வெள்ளையடித்த விரிசல்கள்

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் வழியில் எங்கள் ஊர்ப் பாறையில் சாலை ஜல்லிக்காகக் கல்குவாரி திறந்தார்கள். திங்களும் வியாழனும் பகல் பன்னிரண்டுக்கு வெடி. விசில் ஊதியதும் ஊரே தோட்டப் பக்கம் ஓடும். என் அண்ணனால் ஓட முடியாது. பக்கவாதத்தில் விழுந்து, மண்சுவரோரம் கட்டிலில் கிடந்தார். வெளியே தூக்கிப் போட்டால் கல் தெறிக்கும். உள்ளே கிடந்தால் சுவர் அதிரும். மதினியை மட்டும் விரட்டி வெளியே அனுப்பிவிடுவார்.

ஐப்பசியில் அந்தச் சுவரில் முதல் விரிசலைக் கண்டேன். குறுக்கே காகிதப் பட்டை ஒட்டித் தேதி எழுதி, ஒரு நோட்டிலும் குறித்தேன். விரிசல் அகன்றால் காகிதம் கிழியும். கார்த்திகை முடிவதற்குள் ஏழு காகிதங்கள் கிழிந்தன.

குவாரி மேஸ்திரியிடம் போனேன். "ஆறு வெடிக்குழியையும் ஒண்ணாப் பத்த வைக்காதீங்க. ஒண்ணு வெடிச்சு அடங்கினப்புறம் அடுத்தது வைங்க. அதிர்வு குறையும்."

"ஒவ்வொண்ணா வச்சா நாங்க இங்கேயே குடியிருக்க வேண்டியதுதான். அம்புட்டுப் பயமா இருந்தா சுவரைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க சார்," என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதினேன். பொங்கல் கழிந்து ஓர் அதிகாரி நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. கிழிந்த காகிதங்களே போதும் என்று நம்பினேன். போகிக்கு முதல் நாள் பழனி போய்த் திரும்பியபோது வீடு பளிச்சென்றிருந்தது. மதினி காகிதங்களைச் சுரண்டி, விரிசல்களில் சாணிமண் அப்பி, சுண்ணாம்பு அடித்திருந்தார்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க மதினி?"

"ஆபீசர் வாராகன்னு நீங்கதானே சொன்னீக? நல்ல நாளும் அதுவுமா ஓட்டைச் சுவரையா காட்டுறது? ஊரு காறித் துப்பும்."

கட்டிலில் கிடந்த அண்ணன் கோணிய வாயால், "கல்யாண வீடு கணக்கா இருக்குலே," என்று சிரித்தார்.

அதிகாரி வந்தார். சுவரைத் தடவினார். என் நோட்டைப் புரட்டிவிட்டு, "தேதியெல்லாம் சரி. விரிசல் எங்க?" என்றார். பூச்சைக் கொத்திக் காட்டினேன். "இது இப்ப நீங்க கொத்தினதுதானே?" என்று சொல்லி ஜீப்பில் ஏறினார்.

மாசியில் ஒரு வியாழக்கிழமை, ஆறு குழியும் ஒன்றாக வெடித்தன. புழுதி அடங்கி ஓடிவந்தபோது சுவர் உள்பக்கமாகச் சரிந்து கிடந்தது. கடப்பாரை போடப் பயந்து கையாலேயே மண்ணை அள்ளினோம். முகம் தெரிந்ததும் மதினி குனிந்து, முந்தானையால் கண்ணிமையில் அப்பியிருந்த சுண்ணாம்பைத் துடைத்தார். கண் எரியும், தண்ணி கொண்டாங்க என்றார். அண்ணனுக்கு இனி எரியாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நான் போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.