அசையாத ஒளி

எழுபதுகளில் தூத்துக்குடியில் வேதியியல் ஆய்வு மாணவனாக இருந்தேன். இடக்கை வகைப் புரோலின் என்ற அமினோ அமிலத்தை வினையூக்கியாகப் போட்டால், கிடைக்கும் சேர்மம் ஒளியை ஒரு பக்கமாகத் திருப்பும். வலக்கை வகையும் சரிபாதி கலந்துவிட்டால் திருப்பாது. மூன்று முறை செய்தேன்; ஒளி அசையவே இல்லை. என் கைதான் சரியில்லை என்று ஆய்வை விட்டுவிட்டு உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

பக்கத்து மேசை நண்பன் சேவியர் டாக்டர் பட்டம் வாங்கி விருந்து வைத்தான். எனக்குப் பரிமாறியபடியே சொன்னான்: “ஏலே, ஒன் புரோலின நாந்தாம்ல எடுத்தேன். பாட்டில் கொறஞ்சு தெரியக் கூடாதுன்னு ரெண்டும் கலந்த மலிவுச் சரக்கப் போட்டு வச்சேன். நீ கண்டுபிடிச்சிருவன்னுல்லா நெனச்சேன்.”

அலமாரிச் சாவியை அவனிடம் நம்பிக் கொடுத்தவன் நான். அன்று எழுந்து போகாமல் இலையை வழித்துச் சாப்பிட்டேன். அதைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.