ஜன்னலுக்கு எதிர்ச்சுவர்

மூலக்குளத்தில் நாங்கள் இருக்கும் வீட்டுக்கு வாடகை கிடையாது. இதைச் சொன்னால் கேட்பவர் முகத்தில் ஒரு சின்னப் பொறாமை வந்து போகும். வில்லியனூர் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே. பஸ் நிற்கும் இடம் கூப்பிடு தூரம். நான் வேலை செய்யும் ஹார்டுவேர் கடைக்கு நடந்தே போய்விடலாம். இப்படி ஒரு வீட்டுக்கு மாதம் பிறந்தால் யாருக்கும் எதுவும் தர வேண்டாம் என்றால் யாருக்குத்தான் பொறாமை வராது?

போக்கியத்துக்கு எடுத்த வீடு. ஒரு தொகையை மொத்தமாக வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டியது. கெடு முடிந்ததும் அதே தொகையைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளியே வர வேண்டியது. சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது.

கரிக்கலாம்பாக்கத்தில் இருந்த வீட்டை மகள் கல்யாணத்துக்காக விற்றோம். கல்யாணம் போக மிஞ்சியதைத்தான் இங்கே கொடுத்தோம். எங்களிடம் இருப்பது அவ்வளவுதான். அது பணமாக இல்லை, இந்த வீடாக இருக்கிறது. ஒரே ஹால், பின்னால் சமையற்கட்டு, ஹாலுக்குக் கிழக்குப் பக்கம் பெரிய ஜன்னல் ஒன்று. அந்த ஜன்னலைப் பார்த்துத்தான் என் மனைவி இந்த வீட்டுக்குச் சம்மதித்தாள். அவள் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைப்பவள். புடவையின் நிறத்துக்கு நூலின் நிறம் ஒத்துப்போக வேண்டும். அதற்குப் பகல் வெளிச்சம் வேண்டும்.

நாங்கள் வீடு பார்க்க வந்தது ஒரு சாயங்காலம். அப்போது இங்கே குடியிருந்த அம்மா காபி கொடுத்தார். ஜன்னலில் பூப்போட்ட ஸ்கிரீன் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. "இத இங்கயே வுட்டுட்டுப் போறோம் கா. காலைல வெயில் சுள்ளுனு அடிக்கும், உங்களுக்கு வேணும்" என்றார். எவ்வளவு நல்ல மனசு என்று பஸ்ஸில் வரும்போது பேசிக்கொண்டோம்.

வெளியே வந்தபோது பக்கத்துக் காலி மனையில் நான்கு மூலையிலும் குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்ததை நான் பார்த்தேன். கட்டடத்துக்குக் கோடு போடும் கயிறு அது. அந்தக் கயிற்றைக் கடையில் தினமும் அளந்து கொடுக்கிறவன் நான். எனக்குத் தெரியாதா? தெரியும். யாரிடமாவது கேட்க வேண்டும் என்று நினைத்தேன். புது இடம், புது மனிதர்கள். கேட்கக் கூச்சமாக இருந்தது. எங்கேயும் எனக்கு அப்படித்தான். பால் காய்ச்சிக் குடிவந்தோம்.

பொங்கலுக்குள் பக்கத்து வீடு எழும்பிவிட்டது. இடம் விட்டுக் கட்ட வேண்டும் என்று ஏதோ சட்டம் இருக்கிறதாம். அது எங்கள் தெரு வரைக்கும் வரவில்லை. இப்போது ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டினால் முழுதாக நீட்டுவதற்கு முன்பே சுவர் வந்துவிடும். பூசாத செங்கல் சுவர். மூன்று மாடி. காலையில் மேலே யாரோ குளிக்கிறார்கள். தண்ணீர் எங்கள் ஜன்னலை ஒட்டிய குழாய் வழியாகக் கடகடவென்று இறங்கும். முகம் தெரியாத அந்த மனிதர் எப்போது எழுகிறார், எப்போது ஊருக்குப் போயிருக்கிறார் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும்.

அதிலிருந்து பகலெல்லாம் லைட். பகலெல்லாம் ஃபேன். கரண்ட் பில்லைப் பார்த்து என் மனைவி, "வாடக இல்லன்னு யாருங்க சொன்னது? அத கரண்ட்டுக்காரன் வாங்கினு போறான்" என்றாள். டியூப் லைட்டில் கறுப்பும் கருநீலமும் ஒன்றாகத்தான் தெரியும். புடவையையும் நூல் கண்டையும் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய், டாடா ஏஸும் பள்ளிக்கூட வேனும் இடித்துவிடாமல் சுவரோரம் நின்று பார்த்துவிட்டு வருவாள். ஒரு முறை மழைக்குச் சோம்பி உள்ளேயே பார்த்துத் தைத்தாள். அது ஒரு டீச்சரின் பட்டுப்புடவை. கருநீலத்தில் கறுப்பு நூல் ஓடியிருந்தது. அடுத்த புடவையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்.

கெடு முடிந்ததும் மாடிக்குப் போய் வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டோம். என் மனைவிதான் கேட்டாள். நான் பக்கத்தில் நின்றேன்.

அந்த அம்மா கெட்டவர் அல்ல. "தம்பி, உங்க பணத்தப் பொட்டில போட்டுப் பூட்டியா வச்சினு கீறன்? மாடி கட்டினேன், பொண்ணக் கட்டிக் குடுத்தேன். வர்றவங்க குடுப்பாங்க, அத வாங்கினு நீங்க போங்க. நீங்களும் அப்டித்தான வந்தீங்க?"

அப்படித்தான் வந்தோம். எங்கள் பணத்தை வாங்கிக்கொண்டுதான் அந்தக் காபி கொடுத்த அம்மா போனார். எங்களுக்குப் பிறகு ஒருவர் வந்து கொடுத்தால்தான் நாங்கள் போகலாம். அவருக்குப் பிறகு இன்னொருவர். இந்த ஊரில் போக்கிய வீடுகள் எல்லாம் இப்படித்தான் கைமாறுகின்றன.

அதனால் ஆள் தேடினோம். வருகிறவர்கள் பகலில் வந்தார்கள், ஜன்னலைத் திறந்தார்கள், போனார்கள். ஒரு ஆள் வாசலிலேயே நின்று, "இது இன்னாமா, வூடா பீரோவா?" என்று கேட்டார்.

"பீரோன்னா உள்ள நகை இருக்கும். இங்க நாங்கதான் கீறோம்" என்றாள் என் மனைவி. அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு அவள் சிரிக்கவில்லை.

கடையில் ஒரு பெரியவர் வாடிக்கையாக வருவார். பெங்களூரில் வேலை முடித்து ஓய்வெடுக்க இங்கே வீடு கட்டுகிறார். குழாயும் ஆணியும் வாங்கும்போது எனக்கு என் ஊரைப் பற்றிச் சொல்லுவார். "உங்க ஊரு அருமையான ஊருப்பா. செலவு கம்மி, நெரிசல் இல்ல, நிம்மதியா இருக்கலாம்." நான் "ஆமாங்க சார்" என்று சொல்லி ஆணியை நிறுத்துக் கொடுப்பேன். அவர் சொல்வது பொய்யில்லை. அவர் மனையைச் சுற்றி நான்கு பக்கமும் இடம் விட்டிருக்கிறார்.

போன ஆனி மாதம் சுத்துக்கேணியில் போக்கியத்துக்கு ஒரு வீடு இருப்பதாகத் தெரிந்தது. பிரான்சில் இருக்கும் ஒருவருடைய வீடு. அவர் தம்பி பார்த்துக்கொள்கிறார். எங்கள் போக்கியப் பணம் அதற்குச் சரியாக இருக்கும். போய்ப் பார்த்தோம். இரண்டு பக்கமும் ஜன்னல். என் மனைவி ஹால் நடுவில் நின்று, கைப்பையிலிருந்து நூல் கண்டுகளை எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தாள். வீட்டைப் பார்க்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இது கறுப்பே இல்லீங்க, காப்பிக் கலரு" என்றாள். அவ்வளவு நாளும் அதைக் கறுப்பு என்று வைத்திருந்தாள்.

அங்கிருந்து கடைக்கு நான் தினமும் வண்டியில்தான் வர வேண்டும். பெட்ரோல் செலவு இருக்கிறது. அவளுக்கும் புடவைக்காரர்களைப் புதிதாகப் பிடிக்க வேண்டும். அதெல்லாம் ஆகட்டும் என்று முடிவு செய்தோம். அந்தத் தம்பி, "ஆனி முடியற வரைக்கும் வச்சிருக்கன். ஆடில யாரும் வூடு மாற மாட்டாங்க, அதனால அதுக்குள்ள பால் காய்ச்சிடணும்" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பெட்டியைத் திறந்து அந்தப் பூப்போட்ட ஸ்கிரீனை எடுத்தாள். துவைத்து, இஸ்திரி போட்டு, ஜன்னலில் தொங்கவிட்டாள். மாடிக்குப் போய், "இனிமே வர்றவங்கள சாயங்காலம் லைட்டு போட்டப்புறம் வரச் சொல்லுங்கமா" என்று சொல்லிவிட்டு வந்தாள். என்னிடம், "நீங்க வாயத் தொறக்க வேணாம். அதான் உங்களுக்கு நல்லா வருமே" என்றாள்.

வந்தார்கள். ஆனி முடிய சில நாட்களே இருந்தன. கம்பெனியில் வேலை செய்யும் ஒரு தம்பி, அவன் மனைவி, அவள் தோளில் தூங்கும் கைக்குழந்தை. லைட் எல்லாம் எரிந்தது. ஊதுவத்தி வாசனை. தரை பளிச்சென்று இருந்தது. நானே அந்த வீட்டை எடுத்துக்கொள்வேன் என்று தோன்றியது.

"காத்து வருமா கா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஃபேன் நல்லா சுத்தும்மா" என்றாள் என் மனைவி.

அந்தத் தம்பி என்னைப் பார்த்தான். "தண்ணி எப்டிணா? உப்பா?"

"கொஞ்சம் உப்புதான் பா. குடிக்கறதுக்குக் கேன் வாங்கிக்கணும்" என்றேன். அது உண்மை.

அவன் தன் மனைவியிடம் திரும்பி, "பாத்தியா, முன்ன பாத்த வூட்ல தண்ணி தேனாட்டம் இருக்கும்னு சொன்னானே அந்தாளு. இந்த அண்ணன் இருக்கறத இருக்கறபடி சொல்றாரு. பேசாத ஆளுங்க பொய் சொல்ல மாட்டாங்க" என்றான்.

எனக்குக் காது சுட்டது. நான் சுவிட்ச் போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கார அம்மா தட்டில் வெற்றிலை பாக்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். முன்பணம் கைமாறும்போது வைப்பது. அந்தத் தம்பி சட்டைப் பைக்குள் கையை விட்டான்.

அப்போது அந்தப் பெண் ஜன்னல் பக்கம் நடந்தாள். "கா, இந்த ஸ்கிரீன் அழகா கீது. இந்த எடத்துலயே இவனுக்குத் தொட்டில் கட்டிடுவேன். இவரு கம்பெனிக்குப் போய்ட்டா பகலெல்லாம் நானும் இவனும்தான. ஜன்னலுகிட்ட இருந்தா காத்தாட தூங்குவான்."

என் மனைவி அவளைத் தாண்டிப் போய் ஸ்கிரீனை ஒரே இழுப்பாக ஓரத்துக்குத் தள்ளினாள். ஜன்னல் கதவையும் திறந்துவிட்டாள். லைட் வெளிச்சம் செங்கல் மேல் விழுந்தது.

"பாத்துக்கமா. பகல்லயும் இதான்" என்றாள்.

அந்தப் பெண் முதலில் புரியாமல் நின்றாள். பிறகு கம்பிக்குள் கையை விட்டுச் சுவரைத் தொட்டாள். தம்பி பையிலிருந்து கையை வெளியே எடுத்தான், வெறுங்கையாக. என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்று வரை தெரியவில்லை. "பேசிட்டு ஃபோன் பண்றோம்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எந்த வீடு பார்த்தாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

வீட்டுக்கார அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டார். "ஏம்மா, நீயே தொறந்து காட்டணுமா? போவ இஷ்டமில்லன்னா சொல்லிட்டு இரு. என்ன ஏன் ஏறி எறங்க வுட்ற?"

"இஷ்டமில்லாமதான் இத்தன நாளா ஜன்னல மூடினு உக்காந்து கீறனா?" என்றாள் என் மனைவி. அதற்கு மேல் அழுகை வந்துவிடும் போலிருந்தது. சமையற்கட்டுக்குள் போய்விட்டாள்.

சோறு போடும்போது நான் சொன்னேன்: "நீ செஞ்சது சரிதான்."

"இத அவங்க இருக்கும்போது சொல்லி இருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டுக் குழம்பை ஊற்றினாள்.

ஃபோன் வரவில்லை. ஆனி முடிந்த மறுநாள் சுத்துக்கேணித் தம்பி கூப்பிட்டு, வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆடி பிறந்தது. கோயிலில் கூழ் ஊற்ற மைக் செட் கட்டினார்கள். எங்கள் தெருவில் ஒரு வண்டியும் சாமான் ஏற்றவில்லை.

கடையில் லாரியிலிருந்து இறக்கும்போது அடிபட்டுக் கசிந்த வெள்ளைப் பெயின்ட் டின் ஒன்று மூலையில் கிடந்தது. முதலாளியிடம் கேட்டேன். கேட்பதற்கு இரண்டு நாள் ஆயிற்று. "எட்த்துனு போய்யா, எதுக்கு இப்டி மென்னு முழுங்கற?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கிரீனைக் கழற்றினேன். அது தொங்கிய கம்பியின் முனையில் பிரஷ்ஷைக் கட்டி, ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே வெளியே விட்டு, எதிர்ச்சுவரில் வெள்ளை அடிக்க ஆரம்பித்தேன். பாதி பெயின்ட் என் கையில் வழிந்தது. என் மனைவி டின்னைப் பிடித்துக்கொண்டு, "அங்க வுட்டுட்டீங்க, இன்னும் மேல, மேல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

உச்சியிலிருந்து ஒரு குரல் வந்தது. குழாயில் தண்ணீர் விடும் ஆளாகத்தான் இருக்க வேண்டும். "யாருயா அது? எங்க செவுத்துல இன்னா பண்ற?"

பிரஷ் அப்படியே நின்றுவிட்டது. வழக்கம்போல என் மனைவி பேசுவாள் என்று காத்திருந்தேன். அவள் பேசவில்லை. டின்னைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

"நான்தான் சார்," என்றேன். குரல் சந்துக்குள் பெரிதாகக் கேட்டது. "உள்ள இருட்டா கீது சார். எங்க ஜன்னல் அளவுக்குத்தான் அடிக்கிறேன்."

"அடிக்கறதுதான் அடிக்கிற, மேல வரைக்கும் அடிச்சிட்டுப் போயேன்யா. பூசறதுக்குள்ள எங்க காசு முடிஞ்சிபோச்சி" என்றது குரல். என் மனைவி சிரித்தாள். பெயின்ட் அவள் புடவையில் சிந்தியது.

எனக்கு எட்டிய வரைதான் வெள்ளை. அதற்கு மேலே செங்கல் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் உச்சிவேளையில் வெயில் நேராக அந்தச் சந்துக்குள் இறங்கும்போது, வெள்ளையில் பட்டு ஹாலுக்குள் கொஞ்சம் வெளிச்சம் வருகிறது. மறுநாள் நான் சாப்பிட வந்தபோது அவள் ஜன்னல் ஓரம் நூல் கண்டுகளோடு நின்றிருந்தாள். ஒன்றைத் தூக்கி, "கறுப்பு" என்றாள். இன்னொன்றைத் தூக்கி, "கருநீலம்" என்றாள். மூன்றாவதை எடுப்பதற்குள் மங்கிவிட்டது. லைட்டைப் போட்டாள்.

"ஆவணில யாராவது வூடு கேட்டு வந்தா உச்சிவேளைக்கு வரச் சொல்லலாங்க" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. எனக்குச் சோறு போட உள்ளே போய்விட்டாள்.