முதல் தாம்பூலம்

என் அப்பாவுக்குப் பூப்பந்து ஆடத் தெரியாது. என் கூட்டாளியின் அப்பாவுக்கும் தெரியாது. இருந்தும், நாற்பதுகளில் அரியலூர்ப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் நாங்கள் ஐந்து பையன்கள் ஆடிய ஆட்டத்தைக் கெடுத்தவர்கள் அவர்கள் இரண்டு பேரும்தான். அதில் என் அப்பாவின் பங்கைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களே கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு புகைந்து புகைந்து போன நாட்களில் பூப்பந்துக்குக் கம்பளி நூல் எங்கே கிடைக்கும்? பட்டாளத்தில் இருந்த ஒருவரின் கிழிந்த ஸ்வெட்டரைப் பிரித்து, நாங்களே உருண்டையாகச் சுற்றி, மஞ்சள் கரைத்த தண்ணீரில் தோய்த்துக் காய வைத்தோம். ஆடி முடித்தால் மட்டை, கை, சட்டை எல்லாம் மஞ்சளாகிவிடும்.

நான் வலையோரம் நிற்பேன். கூட்டாளி பின்னால் நிற்பான். எனக்கு எட்டாத பந்தை அவன் எடுப்பான் என்று திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியும். அவன்தான் எங்கள் செட்டுக்கு கேப்டன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவனுக்கு அது பொருந்தியிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு குடும்பமும் உடையார்பாளையம் ரோட்டில் அடுத்தடுத்த ஊர். ஒரே ஜாதிசனம். நிலபுலன் ஏறக்குறைய சமம். வம்பு வளர அது போதாதா? அவன் அப்பா திருச்சியிலிருந்து எங்களுக்கு மட்டை வாங்கி வந்தார். அதைக் கேள்விப்பட்ட என் அப்பா மறுவாரமே போய் வலை வாங்கி வந்தார். அவன் அப்பா டிரில் மாஸ்டருக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார். என் அப்பா வலை கட்டுவதற்குத் தேக்கில் இரண்டு கம்பம் இழைத்து வண்டியில் ஏற்றி அனுப்பினார். நாங்களோ, நம் அப்பாக்களுக்கு விளையாட்டின் மேல் எவ்வளவு பிரியம் என்று பூரித்துப் போனோம். அப்படிப்பட்ட வெகுளிகள்.

மாசி மாதத்தில் பெரம்பலூர்ப் பையன்கள் எங்களோடு மோத வந்தார்கள். அதில் ஜெயித்தால் திருச்சிக்குப் போய் ஆடலாம் என்று பேச்சு. திருச்சியை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரு மாதமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

மைதானத்தில் பெரிய மனிதர்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். டிரில் மாஸ்டர் வெளியூர்க்காரர், நல்ல மனிதர். எங்கள் பக்கத்தில் யாருக்கு முதலில் தாம்பூலம் நீட்டுகிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குத் தெரியாது. கோயிலில், கல்யாணத்தில், எங்கேயும் எங்கள் குடும்பத்து வகையறாவுக்குக் கொடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு. அதை ஒருமுறை மாற்றிவிட்டதற்காக ஒரு கல்யாணப் பந்தலே பாதியில் காலியானதுண்டு. மாஸ்டர் பாவம், கேப்டனின் அப்பாவாயிற்றே என்று நினைத்து, தட்டை நேராகக் கூட்டாளியின் அப்பாவிடம் நீட்டிவிட்டார். அவரும் ஒரு வார்த்தை மறுக்காமல் எடுத்துக்கொண்டார். இரண்டாவதாகத் தட்டு என் அப்பாவிடம் வந்தது. அவர் அதைத் தொடவில்லை. நான் கோட்டுக்குள் நின்று அதைப் பார்த்தேன். அப்பாவுக்கு வெற்றிலை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் ஆட்டம் எங்களுக்கு. இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவதுக்கு முன்னால் தண்ணீர் குடிக்க விட்டார்கள். கூட்டாளி என் தோளில் கை போட்டு, "இதே மாதிரி ஆடுடா, திருச்சி நமக்குத்தான்" என்றான். அப்போது கோட்டுக்கு வெளியே நின்று அப்பா கையைக் காட்டிக் கூப்பிட்டார். ஓடினேன். மெதுவாக, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஒங்கம்மா மயக்கம் போட்டு வுழுந்துட்டாளாம். ஆளு வந்து சொன்னான். வண்டியில ஏறு."

மட்டையைக் கீழே போட்டேன். "அம்மா வுழுந்துட்டாங்களாம்டா" என்று கூட்டாளியிடம் கத்திவிட்டு ஓடி வண்டியில் ஏறினேன். எங்களிடம் இருந்த ஆறாவது பையன் அன்று காய்ச்சலில் படுத்திருந்தான். மீதி நான்கு பேர் எப்படி ஆடுவார்கள் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. வழியெல்லாம் அழுதேன். தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். அப்பா மாட்டை விரட்டவே இல்லை. அது மட்டும்தான் எனக்குப் புரியவில்லை.

வாசலில் அம்மா மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை தவிடு. என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"என்னடா, அதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சு போச்சா?"

"முடிஞ்சு போச்சு, தோத்துட்டானுவ" என்று பதில் சொன்னவர் அப்பா. சொல்லிக்கொண்டே கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

அம்மா நன்றாக இருக்கிறாள் என்ற சந்தோஷம் ஒரு நிமிஷம்தான் இருந்தது. அதற்குப் பிறகு வந்ததை எப்படிச் சொல்ல? அப்பா ஏன் மாட்டை விரட்டவில்லை என்று அப்போது புரிந்தது. பின்னாலேயே போய் ஏன் என்று கேட்டேன். அவர் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டே சொன்னார்.

"அவனுக்கு மொதத் தாம்பூலம், எனக்கு ரெண்டாவதா? எம் புள்ள ஆடி அவன் மவன் பேரு வாங்கணுமா? வாய மூடிக்கிட்டுப் போடா."

என் உயிரே அம்மாதான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தில் கை வைத்தார். நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கும் அவருக்கும் சண்டை வரும், அவள்தான் அழுவாள்.

நாங்கள் தோற்றுத்தான் போயிருந்தோம். மற்ற மூன்று பேரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கூட்டாளி மட்டும் வந்து, "அம்மாவுக்கு இப்ப எப்புடிடா இருக்கு?" என்று கேட்டான். அப்பாவைக் காட்டிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. தேவலாம் என்றேன். அவன் மற்றவர்களிடம் போய் எனக்காகச் சண்டை போட்டான். "பெத்த தாய் கீழ வுழுந்து கெடந்தா நீ ஆடிக்கிட்டு இருப்பியாடா?" என்று அவன் கேட்டது எனக்கும் காதில் விழுந்தது. அப்புறம்தான் அவர்கள் என்னை மறுபடியும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

வைகாசி வந்தது. என் அக்காவுக்கு வந்த வரன்களில் அப்பாவுக்குப் பிடித்த ஒரே வரன், கேளுங்கள், கூட்டாளியின் சித்தப்பா. நடுவில் நாலு பேர் நடையாய் நடந்து பேசினார்கள். பெரியவர்களின் பகை அவ்வளவு லேசில் கரையும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நிச்சயம் எங்கள் வீட்டில் நடந்தது. அப்பாவும் அவன் அப்பாவும் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, ஒருவருக்கு ஒருவர் உபசாரம் செய்துகொண்டார்கள். பந்தியில் எதிர் வரிசையில் கூட்டாளி, இந்தப் பக்கம் நான். பாயசம் வந்துவிட்டது. அம்மா அப்பளம் பரிமாறிக்கொண்டு வந்தாள்.

அவன் அப்பா இலையிலிருந்து நிமிர்ந்து அம்மாவைக் கேட்டார்.

"ஏம்மா, அன்னைக்கு மேட்ச் நடக்கையில ஒனக்கு மயக்கம் வந்துடுச்சின்னாங்களே, இப்ப ஒடம்பு பரவால்லியா?"

"எனக்கா? எனக்கு என்னங்கண்ணே வந்துச்சு? ஒண்ணும் இல்லீங்களே!" என்றாள் அம்மா.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சத்தமாகச் சிரித்தார்.

"அத ஏன் கேக்குறீங்க சம்பந்தி. எல்லாம் இந்தப் பய பண்ணின வேல. தன்ன கேப்டனா போடலன்னு ரோசம். நல்லா ஆடுன்னு சொல்லக் கூப்புட்டா, ஆத்தா வுழுந்துட்டான்னு ஒரு பொய்யச் சொல்லி, என்னையும் நம்ப வச்சி வண்டியில ஏத்திட்டான். வூட்டுக்கு வந்துதான் எனக்கே தெரியும்!"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். சின்னப் பிள்ளை, விடுங்கள் என்றார் அவன் அப்பா. அம்மா அப்பளக் கூடையோடு என் எதிரே வந்து நின்றாள். "அடப்பாவி, ஆட்டத்துக்காவ என்னையாடா சாவக் கெடத்துன?" என்றாள். கண் நிறைந்திருந்தது.

நான் வாய் திறந்திருக்கலாம். திறந்தால் அக்காவின் கல்யாணம் அந்தப் பந்தியிலேயே நின்றுபோகும். அது எனக்குத் தெரியும் என்று அப்பாவுக்கும் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் சொன்னார். என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்தேன்.

"பாத்தீங்கள்ல?" என்றார் அப்பா. "அன்னைக்கும் இப்புடித்தான் எந்திரிச்சி வந்தான்."

மறுபடியும் சிரிப்பு. கூட்டாளி சிரிக்கவில்லை. தேவலாம் என்று நான் சொன்னதை நினைத்தானோ என்னவோ, என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்து பாயசத்தை வழித்துச் சாப்பிட ஆரம்பித்தான்.