நான் "அட்வான்ஸ்" என்று சொன்ன கடதாசி

நான்கு வருடங்களுக்கு முன் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடி அலுவலகத்தில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்கு முன் ஒருகொடவத்தையில் சாமான் ஏற்றி இறக்கினேன். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்த முதல் வேலை இதுதான்.

அங்கே விற்றது பங்கு அல்ல. இப்போது ஒரு தொகை கட்டினால், ஒரு கொம்பனியின் பங்குகளை அடுத்த வருடம் இன்றைய விலைக்கே வாங்கும் உரிமை கிடைக்கும். அந்த உரிமையைத்தான் விற்றார்கள்.

கொட்டாஞ்சேனையில் நான் தங்கியிருந்த வீட்டு அக்கா பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். புதிய தையல் மெஷினுக்கென்று சேமித்து வைத்திருந்தார். ஒருநாள் அலுவலகக் கடதாசி ஒன்றைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன்.

"இது என்ன தம்பி? எனக்கு விளங்குற மாதிரிச் சொல்லுங்க."

"நான் உங்களுக்கு அறைக்கு அட்வான்ஸ் தந்தனான்தானே அக்கா, அது மாதிரித்தான்."

"வேணாமெண்டா சல்லி திரும்பி வருமா?"

"ஓம், வரும்."

யாரிடமும் கேட்காமல் சொன்னேன். அட்வான்ஸ் என்றால் திரும்பி வரும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவர் மெஷின் காசைக் கட்டினார்.

அடுத்த வருடம் பங்கின் விலை பாதியாகிவிட்டது. கூடிய விலைக்கு வாங்கும் உரிமை யாருக்கு வேண்டும்? கட்டிய காசு திரும்பாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். எனக்கும் வேலை போயிருந்தது. இருவரும் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் போனோம்.

"இதோட கொம்பனியைப் பற்றின விபரப் புத்தகம் ஒண்டும் தரேல்லையா?"

"இந்த ஒரு தாள்தான் ஐயா" என்றார் அக்கா.

"அவங்க பங்கு விக்கேல்ல ஐயா, உரிமையைத்தான்" என்றேன் நான்.

சட்டத்தரணி சிரித்தார். "எல்லாரும் சொல்ற கதைதான். பங்கை வாங்குற உரிமையைப் பொதுமக்களுக்கு வித்தாலும், பங்கையே விக்கிற மாதிரித்தான் சட்டம் பாக்கும். நட்டம் எப்பிடி வருமெண்டெல்லாம் முதல்லயே எழுதிக் குடுத்திருக்கோணும். முறைப்பாடு செய்யலாம். காசு திரும்பி வருமெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? அந்தப் பேர் இருந்தாத்தான் பலம்."

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "அங்க இருந்த ஆரோ ஐயா. முகம் ஞாபகமில்லை."

சட்டத்தரணி பேனாவைக் கீழே வைத்தார். நான் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்த பழைய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெயர் இல்லாமலே முறைப்பாடு போனது. ஒன்றும் திரும்பவில்லை. அடுத்த மாதம் நான் அறையை விட்டபோது, அக்கா பழைய மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, என் அட்வான்ஸை முழுதாகக் கையில் தந்தார். "தந்தது அப்பிடியே இருக்கு தம்பி, எண்ணிப் பாருங்க." நானும் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டேன்.

பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. வருமென்று சொன்னவன் நான்தான் என்பதை இன்றுதான், அவர் இல்லாத இடத்தில், முதல் தடவையாகச் சொல்கிறேன்.