ஆல்கோட் எடுக்காத கல்

வார்பா என்ற சொல்லுக்குக் கோழிதான் தாயாம். பால் வண்டிக்காரர் சொன்னதாக பேக்கரியில் யாரோ சொல்லி, அது இங்கெயார்டின் காதுக்கு வந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த எங்கள் காட்லாந்துத் தீவில் கோடை முழுக்க ஆடுவது வார்பாதான்: தட்டைக் கல்லை எறிந்து, தூரத்துக் குச்சியருகே விழச் செய்ய வேண்டும். இங்கெயார்ட் தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்ற பெண்மணி, கோழி வளர்ப்பவர், இளவயதிலிருந்தே தம்பி ஆல்கோட்டோடு ஒரே அணியில் ஆடுபவர். சும்மா விடுவாரா?

நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியைப் புரட்டினார். வார்பா என்றால் பழைய மொழியில் எறிதல். முட்டையிடுவதற்கான சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். கோழி முட்டையை எறிகிறது என்று கண்டார்கள் போலும்.

"அப்ப கோழி வார்பாவுக்குத் தாயில்லப்பா, தங்கச்சிதான்" என்று என்னிடம் சிரித்தார். மைதான வாசலில் புதிதாக வைத்த பலகையிலும் அதை எழுதிவிட்டார்.

அடுத்த ஞாயிறு பக்கத்து ஊர் அணி வந்தது. ஆல்கோட் குனிந்து குறிபார்த்ததும் எதிரணியில் ஒருவன், "கொக் கொக்! சீக்கிரம் போடுங்க பெருசு, அடை வைக்கணும்!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா இங்கெயார்டும்தான்.

கல் குச்சியை ஒட்டி விழுந்தது. ஆல்கோட் அதை எடுக்கவில்லை.

"பலகைல இருக்கறதைப் பாத்துதான் சொன்னேங்க" என்றான் அவன்.

"நீ சொன்னா சொல்லிட்டுப் போப்பா." ஆல்கோட் திரும்பினார். "ஊருக்கே சொன்னியேக்கா. எங்கிட்ட மொதல்ல சொல்லணும்னு தோணலையா?"

வீட்டுக்குப் போனவர் அதன்பின் வரவில்லை. ஒருவர் கல்லை மற்றவர் தொடுவது எங்களிடம் வழக்கமில்லை. புல் வெட்டும் வண்டி அதைச் சுற்றியே போகிறது. கல்லோரம் மட்டும் புல் உயர்ந்து நிற்கிறது.

நாளை ஊர்ப் போட்டி. ஆல்கோட் இல்லையென்றால் அணி இல்லை. சங்கத் தலைவர் ரோலண்ட் வெள்ளைப் பெயின்டும் தூரிகையுமாகப் பலகையருகே வந்தார்.

"அந்த வரியை அழிச்சிடுங்கம்மா, மனுஷன் வந்துடுவாரு."

"அவனுக்குக் கோபம் வரி மேல இல்லப்பா."

"அப்ப அழிக்க வேணாமா?"

"அதையும் நானே முடிவு பண்ணவா? இந்தத் தடவை அவனைத்தான் கேக்கணும்."

ரோலண்ட் நீட்டிய தூரிகையை டப்பாவின் மேல் வைத்துவிட்டு, இங்கெயார்ட் கைபேசியில் தம்பி வீட்டு எண்ணை அழுத்தினார். சாலைக்கு அந்தப் பக்கம்தான் வீடு. திறந்த சன்னல் வழியே மணியடிப்பது எங்களுக்கே கேட்டது. சமையலறையில் ஆல்கோட்டின் முதுகு தெரிந்தது, கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். குழாயை நிறுத்தினார். திரும்பவில்லை.

இங்கெயார்ட் கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.